அலாஸ்காப் பேச்சுக்கு ஆம்பூர் கொடுத்த விலை

2025 ஆகஸ்ட் 15. அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரத்து ஹோட்டல் ஒன்றின் பிரிண்டரில் எட்டுப் பக்கத் தாள்கள் கிடந்தன. அமெரிக்க அதிகாரிகள் மறந்து விட்டுப்போனவை என்று தெரிகிறது. அங்கே தங்கியிருந்தவர்கள் கண்ணில் பட்டு அது செய்தியானது. ட்ரம்ப்பும் புடினும் எந்த அறையில் எத்தனை மணிக்குச் சந்திப்பார்கள், மதிய விருந்தில் யார் எங்கே உட்காருவார்கள், என்னென்ன பரிமாறப்படும், புடினுக்குக் கொடுக்க வைத்திருந்த கழுகுச் சிலை, அவர் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்ற குறிப்பு எல்லாமே அதில் இருந்தன. ஏறக்குறைய மூன்று மணி நேரம் பேசிய பிறகு அந்த விருந்தே நடக்கவில்லை. உச்சி மாநாட்டுத் தயாரிப்பு என்றால் நம் கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான்: சிவப்புக் கம்பளம், நாற்காலி வரிசை, கைகுலுக்கும் படம். பகை நாடுகள் சந்திப்புக்கு முன் செய்யும் பெரிய வேலை வேறு. எதிராளியை எங்கே பிடித்தால் வலிக்கும் என்று தேடுவதும், அவன் மேல் நேராகக் கைவைக்க வழியில்லாதபோது மூன்றாவது நாட்டின் மேல் கைவைப்பதும்தான் அந்த வேலை. அந்த ஆகஸ்டில் அப்படிக் கை விழுந்த இடங்களில் ஒன்று, பாலாற்றை ஒட்டி வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நீளும் நம் தோல் தொழில் பகுதி.

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது விளங்கும். உக்ரைன் போரை நிறுத்த ரஷ்யாவுக்கு 50 நாள் கெடு என்று ஜூலை 14 அன்று ட்ரம்ப் அறிவித்தார். ஜூலை இறுதியில் அதை ஆகஸ்ட் 8 என்று சுருக்கினார். ஆகஸ்ட் 6 அன்று அவருடைய தூதர் ஸ்டீவ் விட்காஃப் மாஸ்கோவில் புடினைச் சந்தித்தார். அதே ஆகஸ்ட் 6 அன்று வாஷிங்டனில் ஓர் ஆணை கையெழுத்தானது: ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்காக இந்தியப் பொருட்களின் மேல் கூடுதலாக 25 சதவீத வரி. ஏற்கெனவே அறிவித்திருந்த 25 சதவீதம் மறுநாள் அமலுக்கு வந்தது. கெடு முடிந்த ஆகஸ்ட் 8 அன்று அலாஸ்கா சந்திப்பு அறிவிக்கப்பட்டது. 15 அன்று சந்தித்தார்கள், போர் நிற்கவில்லை. ஆகஸ்ட் 27 அன்று, இங்கே விநாயகர் சதுர்த்தி கொண்டாடிய நாளில், இந்தியப் பொருட்களுக்கு மொத்தம் 50 சதவீதக் கூடுதல் வரி நடைமுறைக்கு வந்துவிட்டது. கெடு யாருக்கு வைக்கப்பட்டதோ அவருக்குச் சிவப்புக் கம்பளம் விரிக்கப்பட்டது. கெடுவில் பெயரே இல்லாதவர்களுக்குத் தண்டம் விழுந்தது.

இப்படிச் செய்ததற்கான காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 2024-ல் அமெரிக்கா ரஷ்யாவிடமிருந்து வாங்கிய பொருட்களின் மதிப்பு சுமார் 300 கோடி டாலர்தான். வரி போட்டு மிரட்ட அங்கே சரக்கே இல்லை. அதனால் ரஷ்யாவின் வாடிக்கையாளரைப் பிடித்தார்கள். இது நம் ஊகம் அன்று. சந்திப்புக்கு முந்தைய நாள் வானொலிப் பேட்டி ஒன்றில் ட்ரம்ப்பே, இரண்டாவது பெரிய வாடிக்கையாளரை இழக்கும் நிலை ரஷ்யாவைப் பேச வரவைத்ததில் பங்கு வகித்திருக்கும் என்றார். அதற்கும் முன்பு அமெரிக்க நிதியமைச்சர் ஸ்காட் பெசன்ட், அலாஸ்காவில் காரியம் சரியாக நடக்காவிட்டால் இந்தியா மீதான வரி இன்னும் ஏறலாம் என்றார். இரண்டு பேர் பேசும் பேச்சு சரியாக நடக்காவிட்டால் மூன்றாவது ஆள் மேல் அடி விழும் என்று ஒரு பொறுப்புள்ள அமைச்சர் வெளிப்படையாகச் சொன்னார். நம் அரசு அந்தச் சந்திப்பை வரவேற்று அறிக்கை விட்டிருந்தது. போர் நிற்க வேண்டும் என்று விரும்பியதில் தவறில்லை. ஆனால் அந்தச் சந்திப்புக்கு முன்பணம் கட்டியவர்கள் நாம் என்பதை அந்த அறிக்கையிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ரஷ்ய எண்ணெயை உலகத்திலேயே அதிகம் வாங்கும் நாடு சீனா. அதற்கு இந்தத் தண்டம் விழவில்லை. அலாஸ்கா முடிந்த கையோடு கேட்டபோது, அதைப் பற்றி இப்போது யோசிக்கத் தேவையில்லை என்றுவிட்டார் ட்ரம்ப். சீனா தன் பேச்சுக்கு எப்படித் தயாரானது என்று பார்த்தால் இதன் காரணம் புரியும். ஏப்ரலில் அமெரிக்க வரி 145 சதவீதம் வரை ஏறியபோது, கார் முதல் ஏவுகணை வரை தேவைப்படும் அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு போட்டது. அவற்றைச் சுத்திகரிக்கும் தொழிலில் ஏறக்குறைய 90 சதவீதம் அதன் கையில் இருக்கிறது. மே மாதம் ஜெனீவாவில் வரி 30 சதவீதத்துக்கு இறங்கியது. பிறகு லண்டன், ஸ்டாக்ஹோம், மாட்ரிட், கோலாலம்பூர் என்று ஊர் ஊராகப் பெசன்ட்டும் சீனத் துணைப் பிரதமர் ஹ லிஃபெங்கும் உட்கார்ந்து பேசிய பிறகுதான் அக்டோபர் 30 அன்று தென்கொரியாவின் பூசானில் ட்ரம்ப்பும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தார்கள். தலைவர்கள் பேசியது இரண்டு மணி நேரம்கூட இல்லை. மாதக்கணக்கான வேலை அதற்கு முன்பே முடிந்திருந்தது. அந்த மாதங்களில் சீனா தன் பங்குக்கு அமெரிக்க விவசாயியின் சோயாபீன்ஸ் வாங்குவதை நிறுத்தியது. செப்டம்பரில் ஒரு கப்பல்கூட வாங்கவில்லை. இரண்டு வல்லரசுகளும் ஒன்றுக்கொன்று வலிக்கிற இடத்தைப் பிடித்துவைத்துக்கொண்டுதான் பேசவே உட்கார்ந்தன. பிடி இல்லாத நாடு அடுத்தவர் கையில் பிடியாகிவிடுகிறது.

1971-ஐ நினைத்துப் பாருங்கள். அமெரிக்க அதிபர் நிக்சனின் சீனப் பயணம் இருபதாம் நூற்றாண்டின் மிகத் திறமையான உச்சிமாநாட்டுத் தயாரிப்பு என்று இன்றும் பாராட்டப்படுகிறது. அந்த ஆண்டு ஜூலையில் அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் ஹென்றி கிஸ்ஸிஞ்சர் டெல்லி வழியாகப் பாகிஸ்தான் போய், வயிற்றுக் கோளாறு என்று சொல்லி ஒதுங்கி, ரகசியமாகப் பெய்ஜிங்குக்குப் பறந்தார். வழி திறந்துவிட்டவர் அன்றைய பாகிஸ்தான் அதிபர் யாஹியா கான். அதே மாதங்களில் அவருடைய ராணுவம் கிழக்குப் பாகிஸ்தானில் மக்களைக் கொன்று குவித்துக்கொண்டிருந்தது. டாக்காவிலிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட்டும் அவருடைய சகாக்களும் ஏப்ரல் மாதமே வாஷிங்டனுக்குக் கண்டனத் தந்தி அனுப்பினார்கள். பெய்ஜிங் வழி அடைபட்டுவிடக் கூடாது என்று வெள்ளை மாளிகை வாயைத் திறக்கவில்லை. சுமார் ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். ஷூ கம்பெனி ஆர்டரையும் அந்தப் படுகொலையையும் ஒரே தட்டில் வைக்க நான் வரவில்லை, வைப்பது அநியாயம். ஆனால் பகை நாடுகளின் சந்திப்புக்கான செலவு அந்த இரு நாடுகளின் கணக்கில் மட்டும் ஏறுவதில்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று கிடையாது.

இனி ஆம்பூருக்கு வருவோம். இந்தியாவின் தோல் மற்றும் காலணி ஏற்றுமதியில் தமிழ்நாட்டின் பங்கு மிகப் பெரியது, அதில் இந்தப் பகுதிதான் முதுகெலும்பு. நாட்டின் தோல் பொருள் ஏற்றுமதியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. ஒரு ஷூ எப்படி உருவாகிறது என்று பார்த்தால்தான் 21 நாள் அவகாசத்தில் ஏற்றிய வரி என்ன செய்யும் என்று புரியும். பையர் ஒரு மாடல் கொடுப்பார். சாம்பிள் தைத்து அனுப்பி, திருத்தி, மறுபடி அனுப்பி, ஒப்புதல் வாங்க வாரக்கணக்கில் ஆகும். அதன் பிறகு அந்த நிறத்தில், அந்தக் கனத்தில் தோல் வேண்டும் என்று டேனரியில் சொல்லிவைக்க வேண்டும். கட்டிங் முடிந்து, ஓரம் சீவி, மேல்பாகம் தைத்து, லாஸ்ட் என்னும் கால் அச்சில் இழுத்துப் பொருத்தி, சோல் ஒட்டி, பெட்டியில் போடுவதற்குள் பல மாதங்கள் ஓடிவிடும். அந்த லாஸ்ட் அமெரிக்கக் கால் அளவுக்குச் செய்தது. உள்ளே பதித்த முத்திரை அந்த பிராண்டுக்கு உரியது. பெட்டி மேல் ஒட்டிய சீட்டில் அந்த நாட்டு விலை. ஆகஸ்ட் 6 அன்று தையல் லைனில் இருந்த ஷூவை 27-க்குள் ஜெர்மனிக்கு விற்றுவிட யாராலும் முடியாது. அதே வாரத்தில் வியட்நாமுக்கும் வங்கதேசத்துக்கும் வரி 20 சதவீதம், இந்தோனேசியாவுக்கும் கம்போடியாவுக்கும் 19 சதவீதம். பையருக்கு முடிவெடுக்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

வரியைச் சட்டப்படி கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர்தானே, அமெரிக்க நுகர்வோர்தானே விலை கொடுக்கிறார், ஆம்பூருக்கு என்ன நஷ்டம் என்று சிலர் கேட்கிறார்கள். ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்பது ஒன்று, பாரம் யார் தோளில் இறங்குகிறது என்பது வேறு. இறக்குமதியாளர் வரியைக் கட்டிவிட்டுச் சும்மா இருப்பதில்லை. தள்ளுபடி கேட்பார், ஆர்டரை நிறுத்திவைப்பார், அடுத்த பருவத்தை வேறு நாட்டுக்குக் கொடுப்பார். குறைந்த லாபத்தில் ஓடும் கம்பெனிக்கு அந்தத் தள்ளுபடியை எடுக்கக் கையில் இருப்பது கூலிக் கணக்கு ஒன்றுதான். ஓவர்டைம் நிற்கும், பிறகு ஷிஃப்ட் குறையும், பிறகு புதிதாகச் சேர்ந்தவர்கள் வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள். ஷூ கம்பெனிகளில் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கும் கீழே இன்னொரு வரிசை உண்டு. கையால் தைக்க வேண்டிய மேல்பாகங்களை வீட்டுக்கு வாங்கிப்போய், வாசலில் உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டில் தைத்துக் கொடுக்கும் பெண்கள். இவர்களுக்குத் தொழிலாளர் அட்டையும் இல்லை, கம்பெனிப் பதிவேட்டில் பெயரும் இல்லை. வேலை வரவில்லை என்றால் நின்றுபோனதற்குச் சாட்சிகூட இருக்காது.

இந்தியா ரஷ்ய எண்ணெயை வாங்கியது உண்மை, அந்த முடிவின் விளைவை இந்தியாதான் சுமக்க வேண்டும் என்ற வாதத்துக்கு வலு உண்டு. 2022-க்கு முன் நம் எண்ணெய் இறக்குமதியில் 2 சதவீதம்கூட இல்லாத ரஷ்யப் பங்கு பிறகு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. ஆனால் விளைவு யார் மேல் விழுந்தது என்று பாருங்கள். சலுகை விலைக் கச்சா எண்ணெயில் லாபம் பார்த்தவை சுத்திகரிப்பு நிறுவனங்கள். ஆம்பூர் பங்க்கில் பெட்ரோல் விலை நூறு ரூபாயை விட்டு இறங்கவில்லை. அமெரிக்க ஆணையோ பெட்ரோலியப் பொருட்களுக்கு விலக்கு அளித்தது. மருந்துக்கும் விலக்கு, ஸ்மார்ட்போனுக்கும் விலக்கு, ஏனென்றால் அவை இல்லாவிட்டால் அமெரிக்காவுக்கு வலிக்கும். ரஷ்ய எண்ணெயைக் காய்ச்சி விற்றவருக்கு வரி இல்லை. அதில் ஒரு சொட்டும் பார்க்காத தோல், பின்னலாடை, இறால், கம்பளத் தொழில்களுக்கு 50 சதவீதம். அமெரிக்கா ரஷ்யாவிடமிருந்து யுரேனியம் ஹெக்ஸாஃபுளோரைடு வாங்குவதையும் ஐரோப்பா எரிவாயு வாங்குவதையும் நம் வெளியுறவுத் துறை எடுத்துச் சொன்னது, சரியாகத்தான் சொன்னது. இந்த உள்நாட்டுப் பாகுபாட்டை மட்டும் அது பேசவில்லை.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு போர் நிற்கும் என்றால், ஆயிரக்கணக்கானவர்கள் சாவது தவிரும் என்றால், சில மாதம் ஷூ ஆர்டர் குறைவதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாதா? பொறுத்துக்கொள்ளலாம் என்றுதான் நானும் சொல்வேன். உயிருக்கு முன் ஆர்டர் பெரிதில்லை. ஆனால் அந்தத் தியாகத்தைக் கேட்டுப் பெற வேண்டும், அதற்கு ஈடு செய்ய வேண்டும், அது பலன் தருகிறதா என்று கணக்கும் பார்க்க வேண்டும். இங்கே மூன்றும் நடக்கவில்லை. வரி ஏறிய பிறகும் போர் தொடர்ந்தது. 2026 பிப்ரவரித் தொடக்கத்தில், டெல்லியுடன் வேறொரு வர்த்தகப் பேரம் படிந்தபோதுதான் அந்தத் தண்டவரி விலக்கப்பட்டது. அதே மாதம் 20 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், எந்த அவசரநிலைச் சட்டத்தைக் காட்டி இந்த வரிகள் போடப்பட்டனவோ அந்தச் சட்டம் அதிபருக்கு வரி விதிக்கும் அதிகாரத்தைத் தரவே இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. இடையில் போன ஐந்து மாதத்து வேலைநாட்களை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது.

ஒரே மாதிரி அடி வாங்கிய இரண்டு தரப்பை இரண்டு அரசுகளும் எப்படி நடத்தின என்பதில்தான் என் வாதத்தின் மையம் இருக்கிறது. சீனா சோயாபீன்ஸ் வாங்குவதை நிறுத்தியபோது, அதை மறுபடி வாங்க வைப்பது அமெரிக்காவின் பேச்சுப் பட்டியலில் மேலே ஏறியது. 2025 முடிவதற்குள் 1.2 கோடி டன், அதன் பிறகு ஆண்டுக்கு 2.5 கோடி டன் என்று பூசானில் கணக்குப் பேசி வாங்கினார்கள். போதாததற்கு டிசம்பரில் விவசாயிகளுக்கு 1,200 கோடி டாலர் உதவி அறிவித்தார்கள். அயோவா விவசாயிக்கு வாக்கு பலம் இருக்கிறது, அதனால் அவர் தயாரிப்புக் கோப்பிலேயே இருக்கிறார். இங்கே முதல்வர் ஸ்டாலின் அந்த ஆகஸ்டில் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில், தமிழ்நாட்டின் ஏற்றுமதியில் 31 சதவீதம் அமெரிக்காவுக்குப் போகிறது, நாட்டின் சராசரியோ 20 சதவீதம்தான் என்று எடுத்துக் காட்டினார். அடியில் நமக்குக் கூடுதல் பங்கு என்று பொருள். மத்திய அரசின் பதில் நவம்பரில் வந்தது: 25,060 கோடி ரூபாயில் ஏற்றுமதி ஊக்குவிப்புத் திட்டம், 20,000 கோடி ரூபாய்க்குக் கடன் உத்தரவாதம், கடன் தவணைகளைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கியின் அனுமதி. இவை தேவையானவை, சிறு கம்பெனிகள் மூச்சுவிட உதவுபவை. ஆனால் எல்லாமே வங்கியோடு கணக்கு வைத்திருப்பவருக்கானவை. ஷிஃப்ட் இழந்த பெண்ணுக்குக் கடன் உத்தரவாதத்தால் ஒரு நாள் கூலியும் வராது.

பாலாற்றைக் கெடுத்த தொழிலுக்காக ஏன் இத்தனை வருத்தம் என்று கேட்பவர்கள் நம் மாவட்டங்களிலேயே இருக்கிறார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தோல் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் சொன்னதையே 2025 ஜனவரியில் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் தண்டவரி ஆற்றைக் கழுவவில்லை. கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கான பணமும் அதே ஆர்டரிலிருந்துதான் வர வேண்டும். அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களும் அந்த ஷூவைத் தைத்தவர்களும் ஒரே தெருக்காரர்கள்.

இதே தமிழ் மண்ணில் ஓர் உச்சி மாநாட்டுக்கு நாமே தயாரானோம். 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் மாமல்லபுரத்தில் மோடியும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தபோது எதிலும் குறை வைக்கவில்லை. ஐந்து ரதங்களுக்கு அருகே தோட்டக்கலைத் துறை காய்கனிகளால் அலங்கார வளைவு கட்டியது. நாச்சியார்கோவில் விளக்கு, தஞ்சாவூர் ஓவியம், சிறுமுகை நெசவாளர்கள் நெய்த ஷியின் பட்டு உருவம் என்று பரிசுகள் தயாராயின. மீனவர்கள் கடலுக்குப் போகாமல் நிறுத்தப்பட்டார்கள். பொருளில் மட்டும் முன்தயாரிப்பு மெலிந்திருந்தது. நிகழ்ச்சி நிரல் இல்லாத சந்திப்பு என்பதையே பெருமையாகச் சொன்னோம். நிர்மலா சீதாராமனும் அன்றைய சீனத் துணைப் பிரதமர் ஹு சுன்ஹுவாவும் தலைமை வகிக்க உயர்மட்ட வர்த்தகப் பேச்சுக்கு ஏற்பாடு என்றார்கள், தமிழ்நாட்டுக்கும் ஃபூஜியனுக்கும் சகோதர மாநில உறவு என்றார்கள். எட்டு மாதத்தில் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள், எல்லாம் அத்தோடு போயிற்று. சந்திப்பு நடந்ததைக் குறை சொல்ல முடியாது. நம்மிடம் என்ன பிடி இருக்கிறது, நம் பக்கத்தில் யார் காயப்படுவார்கள் என்ற இரண்டு பட்டியலும் இல்லாமல் எந்தச் சந்திப்புக்கும் போகக் கூடாது என்பதுதான் அதிலிருந்து எடுக்க வேண்டியது.

பட்டியலோடு போன இடங்களில் பலன் கிடைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துடன் 2007-ல் தொடங்கிய பேச்சு, 2013-ல் நின்று, 2022-ல் மறுபடி தொடங்கி, 2026 ஜனவரி 27 அன்று டெல்லி உச்சி மாநாட்டில் முடிவுக்கு வந்தது. 17 சதவீதம் வரை இருந்த தோல், காலணி வரி இல்லாமல் போகும் என்று அதில் எழுதியிருக்கிறது. பிரிட்டனுடன் 2025 ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தத்திலும் தோல் இருக்கிறது. இவை ஒரே இரவில் எழுந்தவை அல்ல. எந்தப் பொருளுக்கு எத்தனை சதவீதம் என்று வரி வரியாக, ஆண்டுக்கணக்கில் அதிகாரிகளும் சென்னையிலுள்ள தோல் ஏற்றுமதிக் கழகமும் பேசியதால் வந்தவை. 1980-களில் இந்தப் பகுதி சோவியத் யூனியனுக்குக் காலணி மேல்பாகங்களை ஏராளமாகத் தைத்து அனுப்பியது. 1991-ல் அந்தச் சந்தை உடைந்தபோது நிறைய கம்பெனிகள் தள்ளாடின. ஒரே வல்லரசை நம்பினால் என்ன ஆகும் என்பது ஆம்பூருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டிய பாடம் இல்லை. ஆனால் சந்தையை மாற்ற ஆண்டுகள் ஆகும், தண்டவரி விழ 21 நாள் போதும். இடைப்பட்ட காலத்துக்கு என்ன ஏற்பாடு என்பதே கேள்வி.

ஏற்பாட்டுக்கு அடித்தளம் கையிலேயே இருக்கிறது. இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள தொழிலாளர் வேலை இழந்தால் அவருக்கு 90 நாள் வரை சராசரிக் கூலியில் பாதியைக் கொடுக்கும் அடல் பீமித் திட்டம் 2018 முதல் உள்ளது. வேலை முழுவதும் போனால்தான் அது கிடைக்கும். வெளிநாட்டு வரியால் ஷிஃப்ட் பாதியாகக் குறைந்தவருக்கும் அதை நீட்டிக்க வேண்டும். திருப்பத்தூர், ராணிப்பேட்டை, வேலூர் மூன்று மாவட்டங்களிலும் வீட்டில் மேல்பாகம் தைக்கும் பெண்களைத் தொழிலாளர் துறை தெருத் தெருவாகப் போய்ப் பதிவு செய்ய வேண்டும். கொடுக்கும் கம்பெனியின் பெயரும் அந்தப் பதிவில் இருக்க வேண்டும். வாஷிங்டனோ பெய்ஜிங்கோ மாஸ்கோவோ அடுத்த சந்திப்பை அறிவிக்கும் நாளில், எந்தப் பருவ ஆர்டர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எத்தனை பேர் வேலை அதில் தொங்குகிறது என்ற கணக்கு டெல்லி வர்த்தக அமைச்சகத்தின் மேஜையில் இருந்தாக வேண்டும். அதைத் தயாரித்துக் கொடுப்பது ஏற்றுமதிக் கழகத்தின் வேலை, கேட்டு வாங்குவது சென்னைக் கோட்டையின் வேலை. அந்தக் கணக்கில் வீட்டு வாசலில் தைப்பவரின் பெயரும் இருக்கிறதா என்று சரிபார்ப்பது தொழிற்சங்கங்களின் வேலை.